பேய்க்கதை எழுதி நீங்களே வெளியிட: முதல் குறிப்பிலிருந்து கிண்டில் வரை

பதிப்பகத்துக்குக் காத்திராமல் பேய்க்கதை எழுதித் தானே வெளியிட நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. புதியவர்கள் அனுப்பும் கதைகளைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பெரும்பாலானோருக்கு நடை நன்றாகவே வருகிறது, வரிசைதான் தடுமாறுகிறது. பேயை முதலில் யோசிக்கிறார்கள், அட்டைப்படத்தை அடுத்ததாக. முடிவுக்கு வரும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை. இங்கே கொடுத்திருக்கும் வரிசை கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிரானது.

விளக்கத்துக்காக ஒரு சின்னக் கதையைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வோம். கோவில்பட்டிப் பக்கம் ஓர் ஓட்டு வீடு. பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியார், அவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் செல்வி. கணவன் திருப்பூரில் வேலை பார்க்கிறான்.

1. உட்காரும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதல் வரியிலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், மாற்றும்போது சில எழுத்துகள் இடம் மாறும், சில காணாமல் போகும். அதைத் திருத்தவே தனியாக ஒரு வாரம் வேண்டும். தமிழ்99 விசைப்பலகை கைக்குப் பழக நாளாகும். பழகிய பின் அதைவிட வேகம் வேறு எதிலும் இல்லை. தங்லீஷில் அடித்துப் பழகியவர் அப்படியே தொடரலாம், தவறில்லை.

கதையின் ஒரு பிரதி கணினியில், இன்னொன்று இணையச் சேமிப்பில். மூன்றாவதாக ஒரு சின்ன நோட்டு. பேச்சில் காதில் விழும் பயங்களைக் குறித்துக்கொள்ள அதுதான் வசதி. பணம் வர வேண்டுமானால் பான் எண்ணும் உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கும் வேண்டும். புனைபெயரில் எழுதலாம், கணக்கு மட்டும் இயற்பெயரில்தான் இருக்க வேண்டும்.

2. பேயை விடுங்கள், விதியைப் பிடியுங்கள்

“ஒரு மோகினி, வெள்ளைப் புடவை, மல்லிகை வாசம்” என்று தொடங்கும் கதை இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிடும். உருவம் ஒரு கணம்தான் பயமுறுத்தும். அதற்குப் பிறகு வாசகரை உட்காரவைப்பது விதி: எதைச் செய்தால் அது வரும், எதைச் செய்தால் வராது.

இதற்கு எங்கேயும் போய்த் தேட வேண்டாம், நம் வீடுகளிலேயே கொட்டிக் கிடக்கிறது. ராத்திரியில் கறிச்சோறு கொண்டுபோனால் மேலே ஒரு கரித்துண்டு வைக்க வேண்டும். உச்சிப்பொழுதில் புளியமரத்தடியில் நிற்கக் கூடாது. ராத்திரி யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் பதில் சொல்ல வேண்டும். பேயால் மூன்று முறை கூப்பிட முடியாது என்பது நம்பிக்கை.

சரி, விதி கிடைத்துவிட்டது. அடுத்து, அந்த விதியைக் கடைப்பிடிப்பதே கஷ்டம் என்ற நிலையில் ஒரு மனிதரைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். செல்வியின் மாமியாருக்கு ஒரு தடவைக்கு மேல் கூப்பிடத் தெம்பு இல்லை. மூன்றாவது அழைப்புக்காகக் காத்திருந்தால் மூச்சுத் திணறும் கிழவி செத்துப்போகலாம். உடனே போனால், கூப்பிட்டது யார் என்று தெரியாது. இந்த இரண்டு வரி கையில் வந்துவிட்டால் கதை ஓடத் தொடங்கிவிடும். உருவத்தை இன்னும் யோசிக்கவே இல்லை, கவனியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இசக்கி, காட்டேரி, சுடலைமாடன் எல்லாம் பேய்ப் பட்டியலில் இருந்து எடுத்துக்கொள்ளும் பெயர்கள் அல்ல. இன்றும் கும்பிடப்படும் தெய்வங்கள். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் இசக்கியம்மனுக்குக் கோயிலே இருக்கிறது, பல குடும்பங்களுக்கு அவள் குலதெய்வம். அவளை வில்லியாக்கும் முன் அந்த வழிபாட்டைப் பற்றி விசாரியுங்கள். விசாரித்தாலே உங்கள் கையில் இருப்பதைவிட நல்ல கதை கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

3. கடைசிப் பக்கத்தை முதலில் எழுதுங்கள்

மர்மத்தைக் கூட்டிக்கொண்டே போய், முடிவில் “எல்லாம் கனவு” அல்லது “அவளே ஒரு பேய்” என்று முடிப்பதுதான் புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் விபத்து. முடிவு தெரியாமல் கிளம்பியதன் விளைவு அது.

முடிவு விதிக்குள்ளிருந்து பிறக்க வேண்டும். புதிதாக ஒரு சாமியாரையோ பழைய டைரியையோ கடைசி நேரத்தில் கொண்டுவந்து இறக்கினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். நம் உதாரணத்தில் முடிவு இது: ஒரு ராத்திரி உள்ளறையிலிருந்து சரியாக மூன்று முறை அழைப்பு வருகிறது. சின்ன வயதில் பாட்டி அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தபோது திண்ணையில் இன்னொருவரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் செல்விக்கு நினைவு வருகிறது.

இதை எழுதி வைத்துவிட்டால் முன்பக்கங்களில் செய்ய வேண்டிய வேலை தானாகத் தெரியும். திண்ணைக் காட்சி முதல் மூன்று பக்கத்துக்குள் வந்தாக வேண்டும். அங்கே இருந்த அந்த இன்னொருவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம், அதுவும் வாசகர் கண்ணில் படாத மாதிரி.

4. வீட்டு வரைபடமும் நேரமும்

ஒரு தாளில் வீட்டை வரையுங்கள். திண்ணை எங்கே, அடுப்படி எங்கே, கிழவியின் கட்டில் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும், அடுப்படியில் நின்றால் கட்டில் தெரியுமா. தெரிந்தால் கதையே இல்லை! பயம் பெரும்பாலும் பார்க்க முடியாத ஒரு மூலையைச் சார்ந்தது. அந்த மூலை எது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் எழுதும்போது பாத்திரங்கள் சுவருக்குள் புகுந்து நடப்பார்கள்.

அதே தாளில் நேரத்தையும் குறியுங்கள். கடைசி பஸ் எப்போது, பக்கத்து வீட்டில் விளக்கணைப்பது எப்போது, மின்சாரம் போகுமா, கைபேசிக்கு சிக்னல் உண்டா. கைபேசியை மறந்துவிட்டு எழுதுபவர்கள் நிறையப் பேர். வாசகர் முதலில் கேட்கும் கேள்வியே “ஏன் புருஷனுக்கு போன் பண்ணலை?” என்பதுதான். பண்ணட்டும். அவன் நைட் ஷிஃப்டில் இருக்கிறான், எடுத்தாலும் திருப்பூரிலிருந்து என்ன செய்வான்? போனை உடைப்பதைவிட, போன் வேலை செய்தும் உதவி வராத நிலைதான் பயங்கரம்.

இடம் உண்மையான ஊராக இருக்கலாம், வீடு கற்பனையாகவே இருக்கட்டும். நிஜத் தெருவையும் கதவெண்ணையும் போட்டுப் பேய்வீடு ஆக்கினால் அங்கே குடியிருப்பவருக்கு வாடகைக்கு ஆள் வராது, உங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வரலாம்.

5. யாருக்கு என்ன தெரியும்: கதையின் முதுகெலும்பு

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. மூன்று நெடுவரிசை வரைந்துகொள்ளுங்கள்: வாசகருக்குத் தெரிந்தது, நாயகிக்குத் தெரிந்தது, சுற்றியிருப்பவர்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு காட்சியிலும் இந்த மூன்றில் ஒன்றாவது மாற வேண்டும். மாறவில்லையென்றால் அந்தக் காட்சி வெறும் சூழல் வர்ணனை, எடுத்துவிடலாம்.

பழையனூர் நீலி கதையை இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். கொலையுண்ட பெண் பேயாகத் திரும்பிவருகிறாள். இடுப்பில் குழந்தை, அது கள்ளிக்கொம்பை மாற்றிச் செய்தது. ஊர்ச்சபையில் நின்று, ஒரு வணிகனைக் காட்டி, இவன் என் கணவன் என்கிறாள். அவள் பேய் என்று அவனுக்குத் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். சபையில் இருந்த எழுபது வேளாளர்களுக்குத் தெரியாது. அவனுக்குப் பாதுகாப்பாக இருந்ததோ கையிலிருந்த ஆயுதம் ஒன்றுதான். நியாயம் செய்வதாக நினைத்து அதையும் வாங்கிக்கொண்டு, அவன் உயிருக்கு நாங்கள் ஜாமீன் என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே அறைக்குள் அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

கொலையை விவரிக்கவே வேண்டியதில்லை. நல்லவர்கள், நல்ல எண்ணத்தில், அவன் கையிலிருந்த ஒரே காப்பைப் பிடுங்குவதுதான் முதுகைச் சில்லிட வைக்கிறது. உங்கள் கதையிலும் அந்தக் காப்பு என்ன, அதை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். செல்வியின் காப்பு மூன்று அழைப்பு விதி. “கூப்பிட்ட உடனே போகாம என்ன பொம்பளை நீ?” என்று நாத்தனார் வந்து திட்டும் காட்சி இங்கிருந்துதான் கிடைக்கிறது.

6. முதல் வரைவைப் பகலில் எழுதுங்கள்

பேய்க்கதை என்றால் நடுராத்திரியில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்று ஒரு பாவனை இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு எதை எழுதினாலும் எழுதுபவருக்குப் பயமாகத்தான் இருக்கும். அந்தப் பயம் அறையிலிருந்து வருகிறதா, வாக்கியத்திலிருந்து வருகிறதா என்று அப்போது பிரித்துப் பார்க்க முடியாது. காலையில் காபி குடித்துக்கொண்டு படிக்கும்போதும் ஒரு வரி உறுத்தினால், அது தேறிவிட்டது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் கிடைப்பது கஷ்டம்தான். வார நாட்களில் அரை மணி நேரம், தினமும் அதே நேரத்தில் எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஆறு மணி நேரம் உட்காருவதைவிடப் பலன் தரும். இடைவெளி விட்டால் பாத்திரத்தின் குரல் மறந்துபோகும், திரும்பப் பிடிக்கவே பாதி நேரம் ஓடிவிடும். அன்றைய எழுத்தை ஒரு காட்சியின் நடுவில் நிறுத்துங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்ற தயக்கம் இருக்காது.

முதல் வரைவு முடியும்வரை யாருக்கும் காட்டாதீர்கள். குறிப்பாக வீட்டில். “நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏன் இப்படிக் கண்டதையும் எழுதறே?” என்ற ஒரு வாக்கியம் போதும், பத்து நாள் வேலை நின்றுவிடும்.

7. வெட்டுதல்

முடித்த வரைவைச் சில வாரம் மூடி வையுங்கள். அப்புறம் திறந்து, தேடு வசதியில் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்: திடீரென்று, அமானுஷ்ய, மர்மமான, பயங்கரமான, வீல் என்று, ரத்தம் உறைந்தது. ஆச்சரியக்குறிகளையும், வரிசையாக வரும் மூன்று புள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நீக்க வேண்டும் என்று இல்லை. ஒவ்வொரு இடத்திலும், பயப்படும்படி வாசகருக்கு நீங்கள் உத்தரவு போடுகிறீர்களா, அல்லது பயப்படக் காரணம் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள்.

வரைவில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“திடீரென்று இருட்டைக் கிழித்துக்கொண்டு ஓர் அமானுஷ்யக் குரல் கேட்டது. செல்வியின் ரத்தம் உறைந்தது.”

திருத்திய பின்:

“‘ஏட்டி செல்வி.’ உள்ளறையிலிருந்துதான். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அத்தைக்கு நடுவில் ‘ல்’ வருவதில்லை, ‘செவி’ என்றுதான் கூப்பிடுவார். செல்வி அடுப்பை அணைத்தாள். அடுத்த அழைப்புக்காக நின்றாள்.”

இரண்டாவதில் பயம் என்ற சொல்லே இல்லை. ஒரு மெய்யெழுத்து வந்திருக்கக் கூடாத இடத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்படி ஒரு சின்ன உடல் விவரம் கைக்குக் கிடைத்தால், அதை முன்பே இரண்டு சாதாரணக் காட்சிகளில், எந்த அழுத்தமும் இல்லாமல், விதைத்துவிட்டு வாருங்கள்.

பிறகு முழுக்கதையையும் வாய்விட்டுப் படியுங்கள். உரையாடலில் வட்டார வழக்கு ஒரே சீராக இருக்கிறதா என்பது காதுக்குத்தான் தெரியும். “ஏட்டி” என்று கூப்பிடும் மாமியார் அடுத்த பக்கத்தில் “வாங்கோ” என்றால் வாசகர் அங்கேயே விழித்துக்கொள்வார். உங்களுக்குப் பழக்கமில்லாத வழக்கு என்றால் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடம் கேளுங்கள், அல்லது உரையாடலைக் குறைத்துவிடுங்கள்.

ராத்திரி ரேடியோவில் பழைய பாட்டு ஒலிப்பது நம் பேய்க்கதைகளில் தவறாமல் வரும் காட்சி. பாடல் வரிகளை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை, ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்வரை நீடிக்கும். பாட்டு கேட்டது என்று எழுதினால் போதும். எந்தப் பாட்டு என்பதை வாசகர் மனமே நிரப்பிக்கொள்ளும், உங்களைவிட நன்றாகவே.

8. முதல் வாசகர்களிடம் என்ன கேட்பது

இரண்டு பேர் போதும். ஒருவர் பேய்க்கதை விரும்பிப் படிப்பவர், இன்னொருவர் படிக்காதவர். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர்” என்றுதான் பதில் வரும். எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள், எந்த இடத்தில் முடிவை ஊகித்தீர்கள், எங்கே குழம்பினீர்கள், இவை மூன்றையும் பக்க எண்ணோடு கேளுங்கள்.

அவர்கள் சொல்லும் பிரச்சினையை நம்புங்கள், சொல்லும் தீர்வை நம்ப வேண்டியதில்லை. “கிழவிக்கு ஒரு மணியைக் கொடுத்திருக்கலாமே” என்று ஒருவர் சொன்னால், அந்த ஓட்டை உண்மைதான். செல்வி பூஜை மணியைக் கொடுக்கட்டும். அது ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் உருண்டு போகட்டும். குனிந்து எடுக்க வேண்டிய இடம் கிடைத்துவிட்டது பாருங்கள்.

9. தொடரா, புத்தகமா: முதலிலேயே முடிவெடுங்கள்

அதிகம் பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. பிரதிலிபி போன்ற தளத்தில் இலவசத் தொடராகப் போட்டு வாசகர்களைச் சேர்க்கிறார்கள். முடிந்ததும் அதையே அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றி, கேடிபி (அங்கே நூலை நாமே வெளியிடுவதற்கான சேவை) தரும் செலக்ட் என்ற திட்டத்தில் டிக் போட்டுவிடுகிறார்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு மின்வடிவம் வேறு எங்கும், இலவசமாகக்கூட, இருக்கக் கூடாது. மாதிரிக்காக 10 சதவீதம் வரை மட்டும் வெளியே வைக்கலாம். தொடரை எடுக்க மறந்தால் அமேசானிடமிருந்து எச்சரிக்கை வரும், திட்டத்திலிருந்தே நீக்கப்படலாம். 90 நாள் முடிந்தால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதையும் கவனிக்க வேண்டும், வேண்டாமென்றால் நீங்கள்தான் போய் நிறுத்த வேண்டும்.

அப்படியானால் செலக்ட் வேண்டாமா? இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் செலக்டில் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் 35 சதவீதம்தான். கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்கான பணமும் செலக்டில் உள்ள நூல்களுக்கே வரும். தமிழில் அந்தப் பக்கக் கணக்கைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். என் யோசனை: முதல் கதையைத் தொடராகவே விட்டுவிடுங்கள், அங்கேயே இருக்கட்டும். இரண்டாவதைத் தொடராகப் போடாமல் நேராகக் கிண்டிலுக்குக் கொண்டுபோங்கள்.

தொடர் எழுதினால் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் கதவு தட்டப்பட வேண்டியதில்லை. தட்டியது பூனை என்று இரண்டு முறை ஆகிவிட்டால் மூன்றாம் முறை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒலிக்கதை உரிமையும் அச்சு உரிமையும் செலக்டுக்குள் வராது, தனியாகக் கொடுக்கலாம். ஆனால் ஒலிக்கதைத் தளங்களின் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, திரைப்பட உரிமையும் சேர்த்துக் கேட்கிறார்களா என்ற இரண்டு வரியையும் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

10. கோப்பும் அட்டையும்

கோப்பு வேர்டில் இருந்தால் போதும். அத்தியாயத் தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுங்கள், பொருளடக்கம் தானாக உருவாகும். இடைவெளிக்காக என்டர் விசையைத் திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள், சின்ன கைபேசித் திரையில் அது வெற்றுப் பக்கங்களாக நிற்கும்.

அணிந்துரை, முன்னுரை, நன்றி எல்லாவற்றையும் புத்தகத்தின் பின்பக்கம் தள்ளுங்கள். கிண்டிலில் வாங்கும் முன் படிக்கக் கிடைக்கும் மாதிரி, நூலின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. சின்ன நூலில் உங்கள் மாமாவுக்கும் பள்ளி ஆசிரியருக்கும் சொன்ன நன்றியிலேயே மாதிரி முடிந்துவிட்டால், கதையின் ஒரு வரியைக்கூடப் பார்க்காமல் வாசகர் போய்விடுவார்.

அட்டைக்குக் கேடிபி பரிந்துரைக்கும் அளவு உயரம் 2560, அகலம் 1600 பிக்சல். ஃபோட்டோஷாப்பில் தமிழ்த் தலைப்பு அடிக்கும்போது கொம்பு எழுத்துகளை உற்றுப் பாருங்கள். “கொள்ளிவாய்” என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், சில சமயம் காற்றில் ஒரு புள்ளி வட்டம் தொங்கும். எழுத்துரு பழுதில்லை. அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான ‘வேர்ல்ட்-ரெடி’ தேர்வை இயக்கினால் சரியாகிவிடும். வடிவமைப்பாளர் தமிழ் தெரியாதவர் என்றால் இதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அட்டையைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கித் தலைப்பு படிக்க முடிகிறதா பாருங்கள். ரத்தம் சொட்டும் எழுத்துரு அந்த அளவில் வெறும் சிவப்புக் கறையாகத்தான் தெரியும்.

11. பதிவேற்றம்

கேடிபி கணக்குத் திறக்கும்போது அமெரிக்க வரிக் கேள்விகள் வரும். பயப்படாமல் நிரப்புங்கள். பான் எண்ணைக் கொடுத்து இந்தியா–அமெரிக்க வரி ஒப்பந்தத்தைத் தேர்ந்தால், அங்கிருந்து வரும் ராயல்டிக்குப் பிடித்தம் 15 சதவீதம். வரி எண் தராமல் விட்டால் 30.

தேடுசொற்களுக்கு ஏழு இடம் உண்டு. தமிழிலும், தமிழர்கள் ஆங்கில எழுத்தில் தேடும் விதத்திலும் கலந்து போடுங்கள். நூல் அறிமுகத்தில் கதைச்சுருக்கம் வேண்டாம், விதியும் அதில் மாட்டிக்கொண்ட ஆளும் போதும். “ஒரு தடவை மட்டும் கூப்பிட்டால் போகாதே என்றாள் பாட்டி. செல்வியின் மாமியாரால் ஒரு தடவைக்கு மேல் கூப்பிட முடியாது.” இதற்கு மேல் ஒரு வரிகூடத் தேவையில்லை.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய எழுத்தோ படமோ நூலில் இருந்தால், பதிவேற்றும்போது கேடிபி அதைக் கேட்கும். அட்டைப்படத்துக்கும் இது பொருந்தும், மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கிண்டில் மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் கட்டாயமில்லை. அச்சில் கொண்டுவந்து கடைகளிலும் புத்தகக் கண்காட்சியிலும் வைக்கப் போகிறீர்கள் என்றால், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இலவசமாகவே விண்ணப்பிக்கலாம். அதற்குப் பணம் கேட்பவர் இடைத்தரகர்.

வெளியிடும் பொத்தானை அழுத்தும் முன், முன்னோட்டத்தில் கைபேசி அளவை வைத்து முதல் அத்தியாயத்தையும் கடைசிப் பக்கத்தையும் முழுக்கப் படியுங்கள்.

12. வெளியான பிறகு

உறவினர்களைக் கூட்டி ஒரே நாளில் ஐந்து நட்சத்திர மதிப்புரை போடச் சொல்லாதீர்கள். குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் எழுதும் மதிப்புரைகளை அமேசான் விதிகள் அனுமதிப்பதில்லை, கண்டுபிடித்தால் நீக்கிவிடும். ஒற்றை நட்சத்திர மதிப்புரைக்குப் பதில் எழுதவும் வேண்டாம். அதில் எழுத்துப்பிழை என்று சொல்லியிருந்தால் மட்டும் கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

விற்பனைக் கணக்கை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். முதல் புத்தகத்துக்கு வரும் பணத்தை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். ஒரே எழுத்தாளரின் மூன்று நான்கு நூல்கள் இருந்தால்தான் ஒன்றைப் படித்தவர் அடுத்ததைத் தேட முடியும். கடைசிப் பக்கத்தில் உங்கள் அடுத்த நூலின் பெயரையும் இரண்டு வரி அறிமுகத்தையும் போட மறக்காதீர்கள். அடுத்த நூல் இன்னும் எழுதப்படவில்லை என்றால், அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நோட்டை எடுத்து இரண்டாவது படியிலிருந்து தொடங்குங்கள்.